கோரைப் பையில் கட்டிய நகரம்

சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஆற்றோரத்தில் கோரை அறுத்து, அதை முறுக்கி, பெரிய கண்கள் கொண்ட வலைப்பையாகப் பின்னினார். மலையடியில் உடைத்தெடுத்த கற்களை அதில் நிரப்பினார். கட்டட வேலை நடக்கும் மேட்டுக்குச் சுமந்து வந்தார். ஆனால் கற்களை அங்கே கொட்டவில்லை. பையோடு அப்படியே கட்டடத்தின் வயிற்றுக்குள் வைத்துவிட்டு, அடுத்த பைக்குப் போனார். இப்படி ஆயிரக்கணக்கான பைகள். பெரு நாட்டின் சூப்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் கரால் என்ற நகரத்தின் பிரமிடுகள் இந்தப் பைகளின் மேல்தான் நிற்கின்றன. வெளிச்சுவர் சரிந்த இடங்களில் அந்தப் பின்னலை இன்றும் கண்ணால் பார்க்கலாம். முடிச்சு அவிழாமல், கல் சிதறாமல் இருக்கிறது. மழையே இல்லாத ஊர் என்பதால் கோரைகூட மக்கவில்லை.

பையோடு ஏன் வைத்தார்கள்? பெருவின் கடற்கரை நிலநடுக்கம் ஓயாத பகுதி. வெறும் கல்லைக் கொட்டி நிரப்பினால், நிலம் அதிரும்போது உள்ளிருக்கும் கல் சரிந்து வெளிச்சுவரைத் தள்ளிவிடும். பைக்குள் கட்டுண்ட கல் சற்றே அசைந்து மறுபடி தன் இடத்தில் அமரும். இதை அறிந்தே செய்தார்கள் என்று பொறியாளர்களும் தொல்லியலாளர்களும் கருதுகிறார்கள். எனக்கும் அதில் ஐயம் இல்லை. வேலைக்குக் கூலி கணக்கிட எத்தனை பை என்று எண்ணுவதற்காக மட்டும் வைத்திருந்தால், கொட்டிவிட்டுப் பையை மறுபடி எடுத்துப் போயிருப்பார்கள்.

கரால், தலைநகர் லீமாவுக்கு வடக்கே சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில், கடலிலிருந்து ஏறக்குறைய 23 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. உலகின் மிக வறண்ட கரைகளில் ஒன்று அது. ஆண்டு முழுதும் சேர்த்தாலும் சில மில்லிமீட்டர் மழை தேறுவதே அரிது. கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர் அமேசான் காட்டின் ஈரக்காற்றை மறித்துவிடுகிறது. மேற்கே, தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடற்காற்றைக் குளிர வைத்து, மழை மேகம் எழவிடாமல் அழுத்தி வைக்கிறது. குளிர்காலத்தில் பனிமூட்டம் வரும், தூறலாகச் சிணுங்கும், அவ்வளவுதான். நிலத்தைப் பாலையாக்கிய அதே குளிர்நீர்தான் கடலை நிரப்பியது. ஆழத்திலிருந்து மேலே வரும் நீர் ஊட்டத்தைக் கொண்டுவருகிறது; அதைத் தின்று நெத்திலி கூட்டம் கூட்டமாகப் பெருகுகிறது. இன்றும் பெருவின் நெத்திலிப் பிடிப்பு உலகின் மிகப் பெரிய மீன்பிடித் தொழில்களில் ஒன்று.

அந்தப் பாலையின் குறுக்கே ஆண்டிஸிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் பச்சைக் கோடுகளாக ஓடிக் கடலில் கலக்கின்றன. சூப்பே அவற்றில் ஒன்று. மலையில் மழை பெய்யும் டிசம்பர் முதல் மார்ச் வரை தண்ணீர் வரும். மற்ற மாதங்களில் மணல்தான். ஆனால் நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும், ஊற்றுகளும் உண்டு. ஆற்றின் சரிவு நல்ல சரிவு என்பதால், பெரிய அணையோ நீண்ட கால்வாயோ இல்லாமல், சிறு வாய்க்கால் வெட்டியே வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக முடிந்தது.

அந்த மக்கள் தங்கள் நகரத்தை அந்தப் பச்சைக்குள் வைக்கவில்லை. பள்ளத்தாக்குக்கு மேலே, பாசனம் ஏறாத, எதுவும் விளையாத பொட்டல் மேட்டில் வைத்தார்கள். சுமார் 66 ஹெக்டேர் பரப்பு. ஆறு பெரிய பிரமிடுகள், நடுவே பரந்த வெளி, தரைக்குள் இறக்கிக் கட்டிய வட்ட முற்றங்கள், தரைக்கடியில் காற்றுக்குழாய் வைத்த தீ மேடைகள், பல தரத்து வீடுகள். மிகப் பெரிய பிரமிடு அடித்தளத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய 150 மீட்டர், உயரம் சுமார் 18 மீட்டர். அதன் உச்சியில் நிற்பவருக்குக் கீழே பருத்தி வயலும் ஆறும் தெரிந்திருக்கும், பின்னால் வெறும் மலை. வயலுக்கான மண் வயலுக்கே என்ற முடிவு அந்த ஊரின் அமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

இவ்வளவு பெரிய நகரம் இத்தனை காலம் எப்படிக் கவனிக்கப்படாமல் கிடந்தது? 1940களின் கடைசியில் அமெரிக்க ஆய்வாளர் பால் கோசோக் இங்கே வந்து பார்த்திருக்கிறார். இடிபாடுகள் பெரியவை, பழையவை என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் தோண்டுவாரில்லை. காரணம் எளிது: இங்கே பானை ஓடு கிடையாது. தொல்லியலாளருக்குப் பானை ஓடுதான் கைகாட்டி. புதையல் திருடருக்கும் அப்படியே. பெருவின் கடற்கரை நெடுக கல்லறைகளைக் குடைந்து பானையும் பொன்னும் எடுத்து விற்ற கூட்டம், இங்கே ஒன்றும் தேறாது என்று விட்டுவிட்டது. அந்த அலட்சியம் நகரத்தைக் காப்பாற்றியது.

இதே ஆறு கடலில் சேரும் இடத்தில் அஸ்பெரோ என்ற ஊர் உண்டு. 1941இல் கோர்டன் வில்லி அங்கே தோண்டினார். பின்னாளில் அமெரிக்கத் தொல்லியலின் பெரும்புள்ளி ஆனவர் அவர். அங்கிருந்த மேடுகளை இயற்கையாக எழுந்த குன்றுகள் என்று எழுதிவிட்டார். 1970களில் தொல்லியலாளர் மைக்கேல் மோஸ்லியோடு திரும்பிப் போய்ப் பார்த்தபோதுதான் அவை மனிதர் கட்டிய மேடைகள் என்று தெரிந்தது. பானை செய்யத் தெரியாதவர்கள் பிரமிடு கட்டியிருப்பார்கள் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ரூத் ஷேடிக்குத் தோன்றியது. லீமாவின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1994இல் சூப்பே பள்ளத்தாக்கை நடந்து அளந்தார்; ஒரே மாதிரிக் கட்டடங்கள் கொண்ட 18 குடியிருப்புகளைக் கண்டார். பிறகு கராலில் தோண்டத் தொடங்கினார். தோண்டத் தோண்டப் பானை ஓடு ஒன்றுகூட வரவில்லை. அப்படியானால் இது பானை வருவதற்கு முந்திய காலம். ஆனால் எவ்வளவு முந்தி?

அதற்குப் பதில் சொன்னது கோரைப் பைதான். மரக்கட்டையை வைத்துக் காலம் கணித்தால் பிழை நேரலாம். மரம் இருநூறு ஆண்டு நின்றிருக்கும்; பழைய வீட்டின் உத்தரத்தைப் பிரித்துப் புதிய வீட்டுக்கு வைத்திருப்பார்கள். கோரை அப்படியில்லை. வளர்ந்து அறுபட்ட சிறிது காலத்துக்குள் பையாகிச் சுவருக்குள் போயிருக்கும். ஷேடியும், அமெரிக்க ஆய்வாளர்கள் ஜொனாதன் ஹாஸ், வினிஃப்ரெட் கிரீமர் இருவரும் சேர்ந்து இத்தகைய செடிப் பொருட்களின் கரிமக் காலக்கணிப்பை 2001 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். மிகப் பழைய தேதி கி.மு. 2627. எகிப்தில் கீசாப் பிரமிடுகள் எழுந்த, சிந்துவெளியில் மொகஞ்சதாரோ நகரமான அதே நூற்றாண்டுகள். அமெரிக்கக் கண்டத்தின் நகர வரலாறு ஒரே கட்டுரையில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பின்னுக்குப் போனது. அதன் பிறகு, யாருடைய கண்டுபிடிப்பு என்ற சண்டை வந்து கூட்டணி உடைந்தது. ஹாஸ், கிரீமர் இருவரும் வடக்கே பட்டிவில்கா, போர்த்தலேசா பள்ளத்தாக்குகளுக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் இதே காலத்து ஊர்கள் வரிசையாகக் கிடைத்தன. அந்தச் சண்டையை விடுங்கள். அதனால் ஆய்வுக்குக் கிடைத்த ஊர்கள் பெருகின.

கராலின் குப்பைமேடுகளில் வந்தவை இன்னும் சுவையானவை. கடல் ஒரு நாள் நடை தொலைவில் இருக்க, அங்கே குவியலாகக் கிடைப்பது நெத்திலி முள்ளும் மத்தி முள்ளும் சிப்பி ஓடும். வயல் கண்ணெதிரே இருக்க, அதில் அதிகம் விளைந்தது சோறல்ல, பருத்தி. கூடவே சுரைக்காய், பூசணி, அவரை, சர்க்கரைவள்ளி, மிளகாய், கொய்யா. மீன் பிடிக்க வலை வேண்டும்; வலைக்குப் பருத்தி நூல் வேண்டும்; வலை மிதக்கச் சுரைக்குடுக்கை வேண்டும். பருத்தியும் சுரையும் கடற்கரை மணலில் விளையாது. உள்ளே இருப்பவர் பருத்தி கொடுத்தார், கரையில் இருப்பவர் உலர்த்திய நெத்திலி கொடுத்தார். கராலும் அஸ்பெரோவும் ஒரே ஆற்றின் இரண்டு முனைகளில் இருந்தபடி ஒன்றையொன்று வாழவைத்தன.

நாகரிகம் என்றால் முதலில் தானியம், அப்புறம் களஞ்சியம், அப்புறம் அரசன் என்பது பாடப்புத்தக வரிசை. 1975லேயே மோஸ்லி, ஆண்டிஸ் நாகரிகத்துக்கு அடித்தளம் கடல்தான் என்று வாதிட்டார். ஹாஸ் அணியினர் இதை முழுதாக ஏற்கவில்லை. வயல்தான் இழுத்துச் சென்றது என்றார்கள். 2013இல், பழங்கால மனிதக் கழிவிலும் கல்கருவிகளிலும் ஒட்டியிருந்த எச்சங்களிலிருந்து, சோளமும் கணிசமாகப் புழங்கியது என்று காட்டினார்கள். கடலா வயலா என்ற இந்த வழக்கில் இரு தரப்பும் பாதி உண்மையையே பிடித்துக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. வலைக்கு நூல் தந்த வயல் இல்லாமல் அந்தக் கடல் இத்தனை வாய்களுக்குச் சோறு போட்டிருக்காது. மீன் வராத வயல் இத்தனை பிரமிடுகளைத் தாங்கியிருக்காது.

வணிகம் ஆற்றோடு நிற்கவில்லை. ஈக்குவடார் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் வாழும் ஸ்பாண்டிலஸ் சிப்பி இங்கே கிடைத்திருக்கிறது. வட்ட முற்றத்தை ஒட்டிய கோயிலில், 1999இல், 32 புல்லாங்குழல்கள் ஒன்றாகக் கிடைத்தன. கூழைக்கடாவின் இறக்கை எலும்பில் செய்தவை. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கும் குறைவு. அந்த எலும்பு இயல்பாகவே உள்ளீடற்றது. அதன் இரு முனையையும் திறந்து, நடுவில் ஒரே ஒரு துளை போட்டிருக்கிறார்கள். அந்தத் துளையருகே பறவை, குரங்கு உருவங்களைக் கீறியிருக்கிறார்கள். பாலைவனக் கரையில் குரங்கு ஏது? மலைக்கு அந்தப் பக்கத்து அமேசான் காட்டை அவர்கள் அறிந்திருந்தார்கள், அல்லது அறிந்தவரோடு உறவு வைத்திருந்தார்கள். மான், லாமா எலும்பில் செய்த முப்பதுக்கும் மேற்பட்ட ஊதுகொம்புகளும் அருகே கிடைத்தன. ஏறக்குறைய எழுபது பேர் சேர்ந்து ஊதியிருக்கக்கூடிய ஒரு வாத்தியக் குழு அது. பானை இல்லாத ஊரில் இசைக்கு இத்தனை கருவி.

இதுவரை தோண்டிய அளவில் போர்க்கருவியோ கோட்டை மதிலோ கராலில் கிடைக்கவில்லை. இதை வைத்து அமைதியின் சொர்க்கம் என்று கொண்டாடுவோர் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மேட்டுக்குக் கல் சுமந்தவரும் பிரமிடின் உச்சி அறையில் இருந்தவரும் ஒரே மாதிரி வாழவில்லை என்பதை வீடுகளின் அளவே சொல்கிறது. ஆனாலும் வாளைக் காட்டாமல், பண்டமாற்றையும் வழிபாட்டையும் வைத்துச் சில ஆயிரம் பேரைப் பல நூற்றாண்டு ஒரே வேலையில் சேர்த்து வைக்க முடிந்திருக்கிறது என்பது சாதாரணச் செய்தி இல்லை.

கி.மு. 1800 வாக்கில் எல்லாம் தளர்ந்தது. ஆய்வாளர் டேனியல் சாண்ட்வைஸ் குழுவினர் 2009இல் அதற்கு ஒரு காரணத்தை முன்வைத்தார்கள். பெரும் நிலநடுக்கங்கள் மலைச்சரிவுகளை உலுக்கிக் கல்லையும் மண்ணையும் உதிர்த்தன. பின்னால் வந்த எல் நினோ மழை அவற்றைக் கடலுக்கு அடித்துச் சென்றது. அலைகள் அதைக் கரையோரம் நெடிய மணல் திட்டாகக் குவித்தன. மீன் பெருகிய குடாக்கள் தூர்ந்தன. அந்த மணலைக் காற்று அள்ளி வயலில் கொட்டியது. கடலும் வயலும் ஒன்றையொன்று தாங்கிய ஊரில், இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. தெற்கே, அடுத்த பள்ளத்தாக்கில், விச்சாமா என்ற ஊரின் சுவர்களில் அந்தக் காலத்துப் புடைப்புருவங்கள் இருக்கின்றன. விலா எலும்பு துருத்திய, வயிறு ஒட்டிய மனிதர்கள். இன்னொரு சுவரில், ஒரு மனிதத் தலைமேல் கை வைத்திருக்கும் தேரை. தண்ணீர் திரும்பி வரும் என்பதன் அடையாளம் அது என்கிறார் ஷேடி. பஞ்சத்தைப் பார்த்தவர்கள் அதைச் சுவரில் எழுதிவைத்தார்கள். சூப்பேயிலேயே, கராலுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில், பெஞிக்கோ என்ற ஊர் அந்தத் தளர்ச்சிக்குப் பிறகு எழுந்தது. எட்டு ஆண்டு ஆய்வுக்குப் பின் 2025 ஜூலையில் அது பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஊரை விட்டவர்கள் ஆற்றை விடவில்லை.

2009இல் யுனெஸ்கோ கராலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதனால் தொல்லை தீரவில்லை. 2003இலேயே ஷேடி தளத்தில் நடந்த தாக்குதலில் சுடப்பட்டார். பிழைத்து வந்து வேலையைத் தொடர்ந்தார். 2020இல் பெருந்தொற்று ஊரடங்கில் காவல் தளர்ந்த வேளையில், நிலம் தங்களுடையது என்று சொல்லிச் சிலர் தொல்லியல் எல்லைக்குள் புகுந்து வெண்ணெய்ப்பழ மரமும் அவரையும் நட்டார்கள். 1970களின் நிலச் சீர்திருத்தத்தில் கிடைத்த உரிமை என்பது அவர்கள் வாதம். தடுத்தவர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. பிழைப்புக்கு மண் தேடுகிறவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. நிலமற்றவருக்கு வேறிடத்தில் நிலம் தர அரசால் முடியும். கோரைப் பைக்கும் நெத்திலி முள்ளுக்கும் மாற்று இடம் கிடையாது; ஒருமுறை உழுது கலைத்த மண்ணடுக்கை எந்த ஆய்வாளராலும் திரும்ப அடுக்க முடியாது. விளையாத மேடு என்று ஒதுக்கி அந்த மக்கள் நகரம் கட்டிய அதே பொட்டலில், இன்று தண்ணீர் ஏற்றி மரம் நடுகிறார்கள். எல்லையை அளந்து கல் நட்டு, உரிமை கேட்பவரின் வழக்கையும் உடனே தீர்த்துவைப்பது பெரு அரசின் கடமை. பள்ளத்தாக்கின் 18 ஊர்களில் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது.