பழைய மவுசருக்குப் புதுக் குழல்

பிரேசில் ராணுவத்துக்காக பெர்லினில் டி.டபிள்யூ.எம். தொழிற்சாலை செய்து கொடுத்த 1908 மாடல் மவுசர் ரைஃபிள் ஒன்றில்தான் குழல் மாற்றும் வேலையை நான் கற்றேன். தெற்குக் கொலராடோவின் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவருக்கு அது அப்பா வழியில் வந்தது. ஒரு காலத்தில் அரிக்கும் உப்பைக் கக்கும் பழைய தோட்டாக்களைச் சுட்டுவிட்டுச் சரியாகக் கழுவாமல் வைத்திருக்கிறார்கள். குழலின் உள்வரிகளெல்லாம் துருவில் பொத்துப் போயிருந்தன. மற்ற பாகங்கள் அப்படியே இருந்தன.

என் ஆசான் அதே பகுதியில் உள்ள டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் படித்தவர். 1947 முதல் அங்கே அந்தப் படிப்பு நடக்கிறது. பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் முதலில் பதிவேட்டில் எழுதச் சொல்வார். கூட்டாட்சி உரிமம் கேட்கும் கட்டாயம் அது. அடுத்து போல்ட்டை உருவி, குழலும் போல்ட்டும் பொருந்தும் உடலான ரிசீவரோடு சேர்த்து என் கையில் கொடுத்து, “இதைக் கேட்டுவிட்டு அப்புறம் தோட்டாவைப் பேசு” என்பார்.

உரிமையாளருக்குப் பெரிய மேக்னம் தோட்டா மேல் ஆசை. ஆசான் மறுத்துவிட்டார். அன்றைய மவுசர் ரிசீவர் கார்பன் குறைந்த எஃகு. மேல்தோலை மட்டும் கெட்டிப்படுத்தியிருப்பார்கள், உள்ளே மிருதுதான். அதிலிருக்கும் வலிமை இந்த இரட்டைத் தன்மையால் வருவது. அழுத்தம் மிகுந்த தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், போல்ட்டின் முன்காதுகள் ரிசீவருக்குள் மெல்ல அழுந்திப் பள்ளம் போடும். பளபளவென்று ஆக்குகிறேன் என்று அந்த இடத்தைத் தேய்த்துத் தள்ளினாலும் கெட்டித்தோல் போய்விடும். மேக்னத்தின் அடிப்பாகமும் பருமன். போல்ட் முகத்தையே வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் முடிவானது .257 ராபர்ட்ஸ். இந்தத் துப்பாக்கி பிறந்ததே 7×57 மவுசர் தோட்டாவுக்குத்தான். அதே கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் சிறிய குண்டு பொருத்தினால் கிடைப்பது ராபர்ட்ஸ். நெட் ராபர்ட்ஸ் முதலான ஆர்வலர்கள் சொந்தமாகச் செய்து பார்த்ததை 1934-இல் ரெமிங்டன் நிறுவனம் கடைச் சரக்காக்கியது. கூட்டின் அடி அதே அளவு என்பதால் போல்ட் முகமும் கூட்டைப் பற்றியிழுக்கும் நீண்ட நகமும் மாற வேண்டியதில்லை. நீளமும் ஏறக்குறைய அதுவே என்பதால் தோட்டாப் பெட்டியும் அப்படியே போதும். அந்தப் பக்கத்து மானுக்குத் தாராளம், தோளுக்கு உதையும் குறைவு. பழைய ரிசீவருக்கு ஏற்கெனவே பழகிய அளவில் புதிதைத் தேடுவதன் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை உண்டு.

குழலைக் கழற்றும்போது சாவியை ரிசீவரின் முன்வளையத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். பின்பக்கம் பிடித்துத் திருகினால் ரிசீவரே முறுக்கிக்கொள்ளும். குழலை இரும்புப் பிடிகருவியில் இறுக்கி, ஊடுருவும் எண்ணெயை ஊறவிட்டு, ஒரே சீராக அழுத்தினோம். நூறாண்டு பிடிவாதம் சட்டென்று விட்டது.

1908-க்கு அடிப்படையான 1898 மாடலில் எனக்கு மிகப் பிடித்த அமைப்பு அதன்பிறகுதான் கண்ணில் படும். ரிசீவருக்குள் ஒரு வளையம் இருக்கிறது. குழலின் பின்முகம் அதில்தான் இறுகி நிற்கும். வெளித்தோள் முட்டுவது முக்கியமல்ல. எனவே அந்த வளையம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை ஆழமானியால் அளந்து, அந்த அளவுக்கே புதுக் குழலின் மரைப்பகுதியை லேத்தில் கடைய வேண்டும். மரை அங்குலத்துக்கு 12 சுற்று, கோணம் 55 பாகை. அமெரிக்கப் பட்டறைகளில் வழக்கமான 60 பாகை வெட்டுளியை இதற்கு வைக்கக் கூடாது.

தோட்டா அறை வெட்டுவதுதான் நெஞ்சைப் பிடிக்கும் கட்டம். ரீமரைத் துளைக்குள் கொஞ்சம் செலுத்தி, வெளியே இழுத்து, சுருளைத் துடைத்து, கட்டிங் ஆயில் விட்டு, மறுபடி செலுத்துவோம். சுருள் தேங்கினால் அறைச்சுவரில் கீறல் விழும். அந்தக் கீறல் பின்னால் கூட்டை வெளியே வரவிடாது. கடைசிக் கட்டத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்றே நகர்வோம்.

போல்ட் முகத்துக்கும் அறையின் தோளுக்கும் உள்ள இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ். அது மிஞ்சினால் கூடு இழுபட்டு அடிப்பக்கத்தில் அறும், சூடான வாயு பின்னோக்கிப் பாயும். சுடுகிறவரின் முகம் அங்கேதான் இருக்கிறது. பால் மவுசரே 1901-இல் தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதிக்கும்போது ஒரு கண்ணை இழந்தவர். ஆகவே அளவு பார்க்கும்போது போல்ட்டிலிருந்து சுடும் ஊசி, வில், நகம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். விரல் நுனிக்கு உலோகத்தின் தடை மட்டும் தெரிய வேண்டும். ‘கோ’ கேஜ் வைத்தால் போல்ட் தடையின்றி மூட வேண்டும். ‘நோ-கோ’ கேஜ் வைத்தால் மூடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் தலைமயிர்க் கனமே. ஆசான் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே ஒருமுறை பார்ப்பார், பிறகு மறுபடி என் கையில் கொடுப்பார்.

முதல் சுடுதலுக்குத் துப்பாக்கியைக் கனமான மேசையில் கட்டி, நீளக் கயிற்றால் விசையை இழுத்தோம், சுவருக்கு அப்பாலிருந்து. சுட்ட கூட்டுக்குள் வளைத்த கம்பியை விட்டு அடிப்பக்கம் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் தட்டினால் கூடு இழுபட்டிருக்கிறது என்று பொருள். தட்டவில்லை.

குழலில் ‘.257 ராபர்ட்ஸ்’ என்பதுபோல் தோட்டாவின் பெயரை முத்திரையாகப் பதிக்காமல் ஒரு துப்பாக்கியும் எங்கள் வாசலைத் தாண்டாது. ரிசீவரில் இருப்பது பிரேசில் சின்னம்தான், புதுத் தோட்டாவின் பெயர் அல்ல. பேரன் காலத்தில் யாராவது அதைப் பார்த்து, 1908 மாடல்தானே என்று 7×57 தோட்டாவைத் தேடலாம்.

இப்போது மேசையில் இன்னொரு 1908 காத்திருக்கிறது. பாகங்களின் எண்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன, குழலும் கண்ணாடிபோல் இருக்கிறது. இதை மாற்ற வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லும் பொறுப்பை ஆசான் எனக்குக் கொடுத்திருக்கிறார்.