கர்நாலா: நெடுஞ்சாலை ஓரத்துக் கல்தூண்
(பக்கத்துக் காடுகள் – 3)

நெருளில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் போன இதழைப் படித்துவிட்டு, “காடு பார்க்க போரிவலி வரைக்கும் வண்டி மாறி வண்டி மாறிப் போகணுமா சார், நம்ம பக்கம் ஒண்ணுமே கிடையாதா?” என்று கேட்டிருந்தார். அலிபாகுக்கோ மகாடுக்கோ கார் எடுத்துக்கொண்டு போனவர் என்றால், அவரே ஒரு காட்டுக்கு நடுவே போய்த்தான் வந்திருப்பார். பன்வேலைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மும்பை–கோவா நெடுஞ்சாலை கர்நாலா பறவைகள் சரணாலயத்துக்குள் நுழைந்து ஏறி இறங்குகிறது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அது சில நிமிஷ நிழல். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் மலையுச்சியில், கட்டை விரலை நிமிர்த்தி வைத்தாற்போல ஒரு கறுப்புக் கல்தூண் தெரியும்.

அந்தத் தூணின் அடிவரைக்கும் ஏறுவதுதான் இந்த வாரத் திட்டம். துணைக்கு வந்தவர் எங்கள் கட்டிடத்து அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் தாராவிக்கு வந்து, தோல் ஷாப்பில் வேலை பார்த்து, பிள்ளைகள் தலையெடுத்தபின் நெருளுக்குக் குடிவந்தவர். அறுபது கடந்தும் லிஃப்டைத் தொடாமல் படியேறுகிற மனிதர். பன்வேல் வரை ஹார்பர் லைன், அங்கிருந்து பேண் போகும் சிவப்பு எஸ்.டி. பஸ். கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சரணாலய வாசலிலேயே இறக்கிவிடுவார். வழியில் வரும் சிர்டோண், 1879-ல் வெள்ளையருக்கு எதிராக ஆயுதமெடுத்த வாசுதேவ் பல்வந்த் பட்கேயின் சொந்த ஊர். பட்கே பிறந்தது 1845-ல். அவருடைய தாத்தா கர்நாலாக் கோட்டையின் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக இருந்தவர். 1818-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தபோது தாத்தா விட்டுக்கொடுக்க நேர்ந்த சண்டையைப் பேரன் வேறு வழியில் தொடர்ந்தார் என்று சொல்லலாம். பேரன் ஏடன் சிறையில் 1883-ல் இறந்தார்.

வாசலில் டிக்கெட்டோடு பை சோதனையும் உண்டு. கொண்டுபோகிற பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணி, முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். திரும்பும்போது அதே பாட்டில்களைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். “நல்ல ஏற்பாடு, தம்பி. நம்ம ஊரு அருவிக்கரையிலயும் இதைக் கொண்டுவரணும்” என்றார் அண்ணாச்சி. எனக்கும் அதே எண்ணம்தான்.

1968-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது இதன் பரப்பு 5 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பிறகு விரிவாக்கி இன்று சுமார் 12 சதுர கிலோமீட்டர். புலிக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு தோப்பு. ஆனால் இந்தத் தோப்பில் 200-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மழைக்காலத்தில் மூவிரல் குள்ள மீன்கொத்தி ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. ஊதாவும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த, சிட்டுக்குருவி அளவுகூட இல்லாத பறவை. அதற்காக ஆளுயர லென்ஸைத் தூக்கிக்கொண்டு மும்பையிலிருந்து வருகிற கூட்டம் தனி. நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. குஞ்சுகள் பறந்துபோகிற காலம். மீன்கொத்தி கண்ணில் படவில்லை. மலபார் சீகாரப்பூங்குருவி மட்டும் ஓடைப்பக்கம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் போலச் சீட்டியடித்துக்கொண்டே இருந்தது.

தேக்கு, கருமருது, பூவம், அத்தி, நாவல் என்று கலந்து நிற்கும் இலையுதிர் காடு. மழை முடியும் தறுவாயில் வானம் தெரியாது. பாதை செம்மண்ணும் உருளைக்கல்லுமாக, பாசி பிடித்து வழுக்கும். முதல் அரைமணி நேரம் முழுக்க லாரிகளின் ஏர்ஹாரன் கூடவே வந்தது. நெடுஞ்சாலையை நாலு வழியாக அகலப்படுத்தும் வேலை, பன்வேலிலிருந்து இந்தாபூர் வரை 84 கிலோமீட்டர், 2011-ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சரணாலயத்துக்குள் ஓடுகிற துண்டை எப்படிப் போடுவது என்பது பெரிய வழக்காக இருந்தது. சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கணபதிக்குக் கொங்கண் போகிறவர்கள் பட்ட பாட்டை நானும் பார்த்தவன். ஆனால் காட்டுக்குள் வந்த பிறகாவது ஹாரனை அடக்கலாம். அதற்குப் பலகை இருக்கிறது, படிக்கிற டிரைவர்தான் இல்லை.

ஒரு வளைவில் அண்ணாச்சி சட்டென்று கையை நீட்டி என்னை நிறுத்தினார். முகத்துக்கு ஒரு முழம் முன்னால், பாதையின் இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் குறுக்கே ஒரு வலை. வெயில் படும்போது இழைகள் பொன்நிறமாக மின்னின. நடுவில் தலைகீழாகத் தொங்கியது காட்டுச் சிலந்தி. கால்களை விரித்தால் என் உள்ளங்கையை அடைக்கும். கறுப்பு உடலில் மஞ்சள் கோடுகள். அதே வலையின் ஓரத்தில் பயறு அளவில் இன்னொரு சிலந்தி. அதுதான் மாப்பிள்ளை. பெண்ணுக்கும் ஆணுக்கும் இத்தனை வித்தியாசம் இருக்கும் குடும்பத்தில் அவன் எட்டி நிற்பதே நல்லது. வலையைக் கிழிக்காமல் குனிந்து, தவழாத குறையாக அந்தப் பக்கம் போனோம்.

மேலே ஏற ஏறப் பாதையோரம் கார்வி செடிகள் நெருங்கி நின்றன. நம் குறிஞ்சிக்கு உறவுக்காரி. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை என்றால், இந்தக் கார்வி 8 ஆண்டுக்கு ஒருமுறை சஹ்யாத்ரிச் சரிவுகளை ஊதாவாக்கும். மும்பையைச் சுற்றிய மலைகளில் 2016-லும் 2024-லும் பூத்தது. அடுத்த பூப்பு வரை வெறும் சொரசொரப்பான இலைதான். அதன் குச்சிகளை வரிசையாகக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் பூசிச் சுவர் எழுப்புவது இங்கே உள்ள ஆதிவாசி வீடுகளில் வழக்கம்.

ஒன்றரை மணி நேரத்தில் கர்நாயி தேவியின் சிறு கோயில் வந்தது. அதைத் தாண்டினால் பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி, பிறகு இடிந்த கோட்டை வாசல். கொங்கண் கடற்கரைத் துறைகளிலிருந்து போர் காட் கணவாய் வழியாகத் தக்காணத்துக்குப் போகும் சரக்கெல்லாம் இந்த மலையின் பார்வையில்தான் போயாக வேண்டும். அதனால்தான் இத்தனை சிறிய இடத்துக்கு இத்தனை சண்டை. தேவகிரி யாதவர், குஜராத் சுல்தான்கள், அகமத்நகர் நிஜாம்ஷாகிகள், 16-ஆம் நூற்றாண்டில் நடுவே போர்ச்சுகீசியர் எனக் கை மாறியது. 1670-ல் சிவாஜியின் படை மொகலாயரிடமிருந்து பிடித்தது. தடுப்புச் சுவர்களை அடுக்கடுக்காக எழுப்பி, அவற்றின் மறைவில் நகர்ந்து ஏறினார்களாம். இன்றைக்கும் அந்தச் சரிவைப் பார்த்தால், சுவர் கட்டிக்கொண்டே ஏறியவனின் பொறுமை புரிகிறது. மராத்தியிலும் பாரசீகத்திலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்து தேய்ந்து, அதன்மேல் இரண்டு மூன்று காதல் ஜோடிகளின் பெயரும் ஏறியிருக்கிறது.

கோட்டைக்கு நடுவில் தூண் நிற்கிறது. சுமார் 125 அடி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு. சுற்றியிருந்த மென்மையான பாறை கரைந்துபோக, கெட்டியானது மட்டும் நிலைத்துவிட்டது. அடியில் வரிசையாகக் குடைந்த தொட்டிகள், அவற்றில் மழைநீர். அண்ணாந்து பார்த்தால் பாறை விலாவில் கரும்பலகைகளாக மலைத்தேனீக்களின் கூடுகள். “சத்தம் போடாதீங்க தம்பி. நம்ம பாபநாசம் மலையில ஒரு தடவ கலைஞ்சிட்டு, ஓடிப் பொழச்சோம்” என்று அண்ணாச்சி மெல்லிய குரலில் சொன்னார். இது வெறும் பயமில்லை. கர்நாலாவில் தேனீக் கொட்டுப் பட்டவர்கள் உண்டு. தூணடியில் பீடி, சென்ட், ஸ்பீக்கர் மூன்றும் கூடாது.

மேகம் விலகிய கொஞ்ச நேரத்துக்குள் வடகிழக்கே பிரபல்கட், அதன் பின்னால் மாத்தேரானின் தட்டையான தலை. வடக்கிலும் வடமேற்கிலும் பார்த்தால் பன்வேல் முதல் கடல்வரை நவி மும்பை. அந்தத் திசையில் உல்வேயில் ஒரு மலை இருந்தது. 2025 அக்டோபர் 8 அன்று திறக்கப்பட்ட விமான நிலையத்துக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துச் சமனாக்கி, ஆற்றையும் திருப்பிவிட்டார்கள். பார்சிக் மலையைக் குவாரிகள் தின்றது தனிக் கதை. நெருளில் நான் குடியிருக்கும் கட்டிடத்து ஜல்லியும் அப்படிப்பட்ட ஒரு மலைதான். கர்நாலாத் தூணும் அதே கல். சரணாலயம் என்ற பெயர் 1968-லேயே விழுந்திருக்காவிட்டால் இதற்கும் ஒரு குவாரிக் குத்தகைதாரர் வந்திருப்பார் என்பது என் சந்தேகமற்ற அபிப்பிராயம். மீன்கொத்திக்குக் கொடுத்த பாதுகாப்பில்தான் கோட்டையும் தப்பியது.

இறக்கத்தில் முட்டியைக் காப்பாற்றும் வித்தையை அண்ணாச்சிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: குதிகாலை ஊன்றாமல் பக்கவாட்டில் பாதத்தை வை, கல்லை மிதிக்காதே, கல்லுக்குப் பின்னால் மிதி. கீழே உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் கடையில் பிட்லாவும் அரிசி பாக்ரியும், பக்கத்தில் நசுக்கிய வெங்காயமும் பச்சைமிளகாயும். மே மாதம் வந்தால் நெடுஞ்சாலை ஓரம் ஆதிவாசிப் பெண்கள் இலைத் தொன்னையில் களாப்பழம் விற்பதைப் பார்க்கலாம். பேரம் பேசாமல் வாங்குங்கள். முள்ளுக்குள் கைவிட்டுப் பறித்தது அது.

போக விரும்புகிறவர்களுக்கு: வார நாளில், காலை முதல் வண்டியில் கிளம்புங்கள். ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். அன்று மேலே தேனீயைவிட மனிதர்கள் அதிகம். செருப்புப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குரங்கு பார்க்கும்படி பையைத் திறக்காதீர்கள். பறவைதான் நோக்கம் என்றால் கோட்டைப் பாதையை விட்டுவிட்டுக் கீழேயுள்ள ஹரியல் பாதையில் சத்தமில்லாமல் நடப்பது மேல்.

அடுத்த இதழில் மாத்தேரான். 1907 முதல் ஓடுகிற அந்தக் குட்டி ரயில் சென்ட்ரல் லைனில் நேரல் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது. டிக்கெட் எடுக்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள், நெருள் என்று கொடுத்துவிடுவார்கள்.