நிறுத்துவதும் ஒரு வேலைதான்

பராமரிப்புப் பணிக்காக நாளைக்குப் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் ஓரமாக ஒரு அறிவிப்பு வரும். சென்னையில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்ததும், "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்பார்கள். லிப்ட், வாஷிங் மெஷின், வீட்டிலிருந்தே பார்க்கிற ஆபீஸ் வேலை என்று அவர்களுக்கும் கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் வயல் வரப்பில் நின்று பார்த்தால் அந்த அறிவிப்பு வேறு மாதிரி தெரியும். புயலுக்கு ஈபிகாரங்க போடுற திட்டத்தில் முதல் பக்கமே அதுதான்.

படாளம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கல்பட்டிலிருந்து பாலாற்றைத் தாண்டி மதுராந்தகம் போகிற வழியில் இருக்கிறது. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர் என்றால் சில பேருக்குப் புரியும். நெல்லும் கரும்பும்தான் இங்கே பிழைப்பு. கடல் எங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடல் காற்று எங்களை விடாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா. 2020 நவம்பரில் நிவர். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ், மாமல்லபுரம் பக்கத்திலேயே கரை ஏறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். அதனால்தான் ஐப்பசி பிறந்தாலே நாங்கள் மேகத்தைப் பார்க்கிற மாதிரியே கரண்டு கம்பத்தையும் பார்ப்போம்.

என்ன பார்ப்போம் என்று கேட்பீங்க. கம்பம் சாய்ந்திருக்கிறதா, ஸ்டே கம்பி இறுக்கமாக இருக்கிறதா, பீங்கான் விரிசல் விட்டிருக்கிறதா, மரக்கிளை லைனைத் தொடுகிறதா. இவ்வளவுதான். புயல் திட்டம் என்றதும் கம்ப்யூட்டர், சேட்டிலைட் என்று பெரிதாகத் தோன்றும். அதெல்லாமும் உண்டுதான். ஆனால் காற்று அடிக்கும்போது லைன் நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்வது, புரட்டாசி வெயிலில் ஒருத்தர் அரிவாளோடு ஏணியில் ஏறினாரா இல்லையா என்பதுதான். அவர் ஏறவேண்டும் என்றால் லைனை நிறுத்தியாகணும். சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்கி, ஸ்விட்சைத் திறந்து, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கம்பத்தில் கை வைக்கணும். அந்தப் பகல் நேரம்தான் பேப்பரில் வரும் மின்தடை.

கிளை வெட்டுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் பக்கத்து நிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பதினோராயிரம் வோல்ட் லைனுக்கு அடியில் நாலு தென்னை. மட்டை கம்பியில் உரசுகிறது. லைன்மேன் தம்பி வந்து நின்றார்.

"அண்ணே, இந்த நாலையும் எடுத்துட்டா நல்லது. மட்டையை மட்டும் கழிச்சா மூணு மாசத்துல திரும்ப வந்துடும்."

"ஒரு மரம் வருசத்துக்கு எம்பது காய் குடுக்குது தம்பி. நாலு மரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாரு. யாரு குடுப்பா?"

தம்பியிடம் பதில் இல்லை. காய்க்கிற மரத்தை வெட்டு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் கஜாவில் டெல்டா பக்கம் தென்னை கம்பத்தின் மேல் விழுந்ததும், கம்பம் அடுத்த கம்பத்தை இழுத்துக்கொண்டு வரிசையாகச் சாய்ந்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் இரண்டு மரத்தை எடுத்தார்கள், இரண்டு நின்றது. எடுத்த இடத்தில் எலுமிச்சை வைத்திருக்கிறார் அந்த அண்ணன். லைனுக்குக் கீழே எலுமிச்சை, கொய்யா மாதிரி குட்டையாக நிற்கிற மரம்தான் சரி. இழப்பீடு என்று எழுதப்பட்ட ஏற்பாடு இருந்தால் இந்தப் பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். புயல் திட்டத்தில் அந்த வரியும் இருக்கணும் என்பது என் கட்சி.

மழைக்கு மட்டும்தான் இந்த வேலை என்றில்லை. வெயிலுக்கும் உண்டு. கோடையில் சூட்டுக்கு அலுமினியக் கம்பி நீண்டு தொங்கும். காற்றில் இரண்டு கம்பி மோதினால் பொறி பறக்கும். கீழே காய்ந்த சோகையோடு கரும்பு நின்றால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் ஏக்கர் கணக்கில் போய்விடும். எரிந்த கரும்பை உடனே வெட்டி ஆலைக்கு அனுப்பணும், நாள் ஆக ஆக எடையும் சர்க்கரையும் குறையும். வைக்கோல் ஏற்றிய வண்டி தாழ்ந்த கம்பியில் உரசித் தீப்பிடித்த செய்தியும் வருஷம் தவறாமல் வருகிறது. இதற்கு வைத்தியம் ரொம்பச் சின்னது. கம்பியை இழுத்துக் கட்டுவது, நடுவில் ஒரு கம்பம் கூடுதலாக நடுவது, கம்பிகள் மோதாமல் இடையில் பிளாஸ்டிக் குழாய் கட்டுவது.

இதே கதை அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. 2018 நவம்பர் 8-ஆம் தேதி, கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரையே காட்டுத்தீ எரித்துவிட்டது. 85 பேர் செத்துப் போனார்கள். காரணம் என்ன தெரியுமா? பசிபிக் கேஸ் அண்டு எலக்ட்ரிக் என்ற கம்பெனியின் உயர்மின் கோபுரத்தில், கம்பியைத் தாங்கிய ஒரு இரும்புக் கொக்கி. கிட்டத்தட்ட நூறு வருஷப் பழசு. தேய்ந்து தேய்ந்து, அன்றைக்கு அறுந்தது. கம்பி கோபுரத்தில் பட்டுப் பொறி விழுந்தது. 2020-ல் அந்தக் கம்பெனி கோர்ட்டில் 84 உயிர்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அந்தத் தீக்குப் பிறகு, 2019 அக்டோபரில், காற்று பலமாக அடிக்கும் என்றதும் அதே கம்பெனி லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தியது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நிறுத்துவது உயிரைக் காக்கும், ஆனால் சுமையை நம் தலையில் வைக்கும். கொக்கியைக் காலத்தில் மாற்றுவது கம்பெனி செலவு. அந்தச் செலவைத் தள்ளிப் போட்டால், நிறுத்துவது ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

நிறுத்தவேண்டிய நேரத்தில் சரியாக நிறுத்தியதற்கு எங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அலை கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுசுக்குள் புகுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது யூனிட்டை நிறுத்தினார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை, சில நாளில் திரும்ப ஓட ஆரம்பித்தது. எதை, எந்த நேரத்தில் நிறுத்துவது என்று முன்னாலேயே எழுதி வைத்து, பழகியும் வைத்தால்தான் இது நடக்கும். புயல் ராத்திரி சப்ஸ்டேஷனில் பீடரை ஆஃப் செய்கிற ஆளும் அதே வேலையைத்தான் சின்னதாகச் செய்கிறார்.

விழுந்த பிறகு என்ன? பாரடைஸ் எரிந்த எட்டாவது நாள், 2018 நவம்பர் 16-ல், வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. அவ்வளவு கம்பத்தை எந்த ஊர் குடோனில் வைத்திருப்பார்கள்? மற்ற மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாக வந்தது. கேரளாவிலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்து இடுப்பளவு சேற்றில் நின்று குழி தோண்டினார்கள். அதனால்தான் இப்போது புயல் அறிவிப்பு வந்தால், கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், மரம் அறுக்கிற மெஷின், ஜேசிபி எல்லாவற்றையும் முன்கூட்டியே பக்கத்தில் கொண்டு வந்து குவிக்கிறார்கள். வெளியூர் ஆட்களும் காற்று வருவதற்கு முன்னாலேயே வந்து தங்குகிறார்கள்.

எல்லாவற்றையும் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் என்ன என்று சிட்டி நண்பர்கள் கேட்பார்கள். கடலோர ஊர்களுக்கு அது நல்லதுதான், கடலூர், நாகப்பட்டினத்தில் அந்த வேலை நடந்திருக்கிறது. ஆனால் செலவு பல மடங்கு. சென்னையில் பாதி இடத்தில் கேபிள் மண்ணுக்குள்தான் ஓடுகிறது. இருந்தும் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாமிலும் என்ன ஆனது? தெரு ஓர மின்பெட்டிகள் தண்ணீரில் மூழ்கின. யாரும் ஷாக் அடித்துச் சாகக் கூடாது என்று தண்ணீர் வடிகிற வரைக்கும் நிறுத்தியே வைத்தார்கள். காற்றுக்குத் தப்பினால் தண்ணீரிடம் மாட்டும். ஊருக்கு ஊர் திட்டம் வேறுதான்.

திரும்பக் கொடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பெரிய கோபுர லைன், அப்புறம் சப்ஸ்டேஷன், அப்புறம் ஆஸ்பத்திரி, குடிதண்ணீர். பிறகு தெரு, வீடு. கடைசியில் வயல் மோட்டார். இதில் எங்களுக்கு வருத்தம் என்று நினைப்பீங்க. உண்மையில் இல்லை. புயல் முடிந்த வாரம் சம்பா வயலில் தண்ணீரை வடிப்பதுதான் வேலை, இறைப்பது இல்லை. கிணத்து லைன் பத்து நாள் கழித்து வரட்டும். ஆனால் ஊர் மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கு இரண்டாம் நாளே கரண்டு வரணும். ஆட்கள் குடத்தோடு நிற்பார்கள், மாடும் கத்தும். வயலில் அறுந்து கிடக்கிற கம்பியை முதல் நாளே துண்டித்து, துண்டித்துவிட்டோம் என்று ஊருக்குச் சொல்லணும். தண்ணீர் நிற்கிற வயலில் கம்பி கிடப்பது தெரியாமல் கால் வைத்துப் போனவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர்.

இன்னொன்று. கரண்டு இல்லாத ராத்திரி வீட்டு ஜெனரேட்டரை மெயின் ஸ்விட்சை மாற்றாமல் அப்படியே போர்டில் இணைத்துவிட்டால், அந்தக் கரண்டு லைனில் திரும்பிப் போகும். தெரு டிரான்ஸ்பார்மர் அதையே பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பி மேலே நிற்கிற ஆளுக்கு அது எமன். எர்த் ராடு மாட்டுவதே இதற்கும் சேர்த்துத்தான், ஆனால் அவசரத்தில் எல்லா இடத்திலும் எல்லாம் நடக்காது. ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஈபி லைனையும் ஜெனரேட்டரையும் பிரிக்கிற ஸ்விட்ச் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தெருவில் கிளை லைனைத் தொட்டால், கம்பம் சாய்ந்திருந்தால் மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். புயலன்றைக்கு இல்லை, இப்போதே. அடுத்த முறை மின்தடை அறிவிப்பு வந்தால் முந்தின நாளே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். சாயங்காலம் கரண்டு வந்ததும் எந்தக் கிளையை வெட்டினார்கள் என்று மாடியில் நின்று பாருங்கள். வெட்டாமல் போயிருந்தால் அப்போது திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டணும். மும்முனைக் கரண்டு வந்துவிட்டது, கிளம்புகிறேன்.