கோவலனுக்கு வெள்ளையடித்தேன்

ஒரு வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குச் சிலப்பதிகார நாடகம் எழுதி, கோவலனாகவும் நடித்தேன். கியா பார்ம் மலைச்சந்தையில் கோஸும் முள்ளங்கியும் விற்கிறவனுக்கு இளங்கோவடிகள் எதற்கு என்பார்கள். மலையில் மழை பிடித்துக்கொண்டால் கடையில் உட்கார்ந்து படிப்பதைத் தவிர வேறென்ன வேலை?

மாதவியின் மாலையை 1008 கழஞ்சு பொன்னுக்கு வாங்கியதை ஒரே வசனத்தில் ஓட்டிவிட்டேன். மதயானையிடமிருந்து கிழவரைக் காப்பாற்றியது முதல், அடைக்கலக் காதையில் மாடலன் அடுக்குகிற நல்லதெல்லாம் மேடையேறியது. ஆயர் குடிசையில் கண்ணகி கையால் சாப்பிட்டபின், சிலம்பு விற்கக் கிளம்புமுன், தன் தவறுகளைச் சொல்லி அவளிடம் வருந்துவானே, அந்த இடத்தை அப்படியே வெட்டினேன். கதாநாயகன் அழுதால் எடுபடாது என்று கூட்டாளிகளிடம் சொன்னேன்.

மேடையில் வெட்டுப்பட்டு விழுந்தேன். ஒரு மூக்கு உறிஞ்சல்கூடக் கேட்கவில்லை. பாண்டியனாக நடித்தது காய்கறி லாரி ஓட்டுகிற பையன்; நாலே வசனம். சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும், 'நானே கள்வன்' என்ற முகத்தோடு அரியணையிலிருந்து சரிந்தான். ஸ்வெட்டருக்கு மேலே போட்டிருந்த சேலைத் தலைப்பெல்லாம் கண்ணுக்குப் போயின.

முப்பது வருடம் கொழுந்து எடுத்த அத்தைதான் கேட்டது: "ஏன்டா தம்பி, தப்பே பண்ணாதவன் பொண்டாட்டி சிலம்ப விக்க மதுரைக்கு எதுக்கு நடக்கணும்?"

அரிஸ்டாட்டில் சொன்ன துன்பியல் நாயகன் உத்தமனுமல்ல, அயோக்கியனுமல்ல, சறுக்குகிறவன். அந்தச் சறுக்கலுக்கு அவர் வைத்த சொல் ஹமார்தியா. அம்பு குறி தவறுவதற்கும் கிரேக்கர்கள் அதையே சொன்னார்கள். சறுக்கினால் மட்டும் போதுமா? அப்படியானால் சந்தையில் பாதிப்பேர் நாயகர்கள்தான். சறுக்கியதை அவனே காணவேண்டும். பாண்டியன் கண்டான், அக்கணமே செத்தான். கோவலன் சாவதற்குச் சற்றுமுன் கண்டான். பழியை முற்பிறவி வினைமேல் போட்ட இளங்கோகூட அந்தப் புலம்பலை விடவில்லை. நான் அதை வெட்டியதும், என் கோவலன் வெறும் ஏமாளியாகிப் போனான்.

ஏன் வெட்டினேன் என்று அத்தையிடம் சொல்லவில்லை. ஒத்திகையில் அந்த வசனம் வந்தாலே தொண்டை அடைத்தது. கடை வாடகைக்கு என்று மனைவியிடம் வாங்கிய இரண்டு வளையலும் அடகுக்கடையில் இருந்தன. பணம் நாலு நம்பர் லாட்டரியில் போயிருந்தது. நாடகத்தன்று முன்வரிசையில் அவள் கைகளைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிருக்கு என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

வளையலை மீட்க எட்டு மாதம் ஆனது. மறு வருடம் வெட்டியதைத் திரும்பச் சேர்த்து, வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். பாதி வசனத்தில் அவள் அடுப்பைத் தணித்தாள்.

"என்னங்க, இது இளங்கோ எழுதினதா, நீங்க எழுதினதா?"