அரங்கன் ஊர் தந்த மருத்துவர்

காவிரியும் கொள்ளிடமும் அணைத்து நிற்கும் திருவரங்கத்தில், ஏழு திருச்சுற்றுகளின் உள்ளே, தன்வந்திரிப் பெருமாளுக்கு ஒரு சந்நிதி உண்டு. பிணி தீர வேண்டி அன்பர்கள் அங்கே விளக்கேற்றுகின்றனர். ஆனால் அந்தச் சந்நிதியோடு ஒரு மருத்துவசாலையின் வரலாறும் பிணைந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். கருடவாகன பட்டர் என்னும் மருத்துவர், முற்காலத்துப் படையெடுப்பில் அழிந்துபோன ஆரோக்கிய சாலையைப் புதுப்பித்து, தன்வந்திரிப் பெருமாளை எழுந்தருளச் செய்ததைக் கி.பி. 1493 ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அவருடைய முன்னோர் வழியில் வந்த கருடவாகன பண்டிதரிடம் உடையவர் மருத்துவக் கைங்கர்யத்தை ஒப்படைத்தார் என்று கோயிலொழுகு உரைக்கும். நோயுற்றவனுக்கு மருந்து தருவதும் திருவரங்கத்தில் பெருமாள் தொண்டாகவே எண்ணப்பட்டது.

அத்தகைய ஊரில் 1880 ஆம் ஆண்டு ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன். நாட்டுக்கு அவர் ஆற்றிய பணியை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. எனினும், பிறந்த ஊரின் நெறிக்கும் தம் மனச்சாட்சிக்கும் இடையே அவர் நடந்த நடை, கோயிலுக்குச் செல்லும் நம்மைப் போன்றோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

சென்னை இராயபுரத்தில் மருத்துவம் பயின்ற ராஜன், பிழைப்பு நாடிப் பர்மாவுக்குச் சென்றார். இரங்கூனில் பணியாற்றியபின், மேற்படிப்பை விரும்பி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டனில் இந்திய மாணவர்கள் கூடும் இந்தியா ஹவுஸ் என்னும் இல்லத்தில் அவருக்கு வாய்த்த தோழர், திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர். ஒரே ஆற்றங்கரையின் நீர் குடித்து வளர்ந்த இருவர், ஏழு கடலுக்கு அப்பால் தாய்நாட்டைப் பற்றிப் பேசி இரவுகளைக் கழித்தனர். 1910 இல் ஐயர் மாறுவேடம் பூண்டு புதுச்சேரிக்குத் தப்பி வர நேர்ந்தது. ராஜனோ படிப்பை நிறைவு செய்து, எம்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

பட்டம் பெற்று வந்த மகனை ஊர் மாலையிட்டு வரவேற்றிருக்கும் என்று இன்று நாம் நினைப்போம். அன்றைய நிலை வேறு. கடல் கடந்து சென்று வந்தவரோடு ஒரே பந்தியில் உண்ணவும், அவர் இல்லத்துச் சுப அசுப காரியங்களில் கலந்துகொள்ளவும் வைதிகக் குடும்பங்கள் அஞ்சிய காலம் அது. அந்த ஒதுக்கம் ராஜனையும் விட்டுவைக்கவில்லை. ஊர் விலக்கின் சுமை ஒருவர் தோளில் மட்டும் இறங்குவதில்லை. அவர் மனைவி மக்களையும் உற்றாரையும் அது வாட்டும். நல்ல நாள் வரும்போது வாசலில் உறவினர் கால் படாத வீட்டின் வெறுமையை, அதை அனுபவித்தவரே அறிவர்.

இத்தகைய நிலையில் மனிதர் இரண்டில் ஒன்றைச் செய்வதே வழக்கம். ஊரை வெறுத்து வெளியேறுவர். அல்லது ஊருக்கு அடங்கித் தம் எண்ணத்தை விழுங்குவர். ராஜன் இரண்டையும் செய்யவில்லை. காவிரிக்குத் தென்கரையிலுள்ள திருச்சியில் மருத்துவமனை அமைத்து, அந்த மண்ணிலேயே நின்று பணி செய்தார். வைத்தியம் பெற வருபவனின் குலத்தையும் ஆசாரத்தையும் நோய் கேட்பதில்லை, மருத்துவனும் கேட்கலாகாது.

1919 இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது. இராஜாஜியின் நெருங்கிய தோழரானார். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். தண்டியில் காந்தியடிகள் உப்பெடுத்த ஒரு வாரத்திற்குள், வேதாரண்யம் நோக்கி இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். அவர்கள் புறப்பட்ட இடம் திருச்சியில் ராஜன் வாழ்ந்த இல்லம். சுமார் 150 மைல் நடை அது. வழியில் இவர்களுக்குச் சோறு போடுபவரும் இடம் தருபவரும் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். ஆயினும், மக்கள் மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு அவர்களின் பசியாற்றினார்கள். ஒரு காலத்தில் உறவினர் உண்ண அஞ்சிய வீட்டின் வாசலிலிருந்து புறப்பட்ட யாத்திரைக்கு, முகம் தெரியாதவர்கள் அன்னமிட்டார்கள். அந்தப் போராட்டத்தில் ராஜனும் சிறை புகுந்தார். மருத்துவர் சிறை செல்லும்போது மருத்துவமனையின் வருவாயும் உடன் செல்கிறது. அந்த இழப்பை வாய் திறவாமல் சுமந்தவர்கள் வீட்டிலிருந்தவர்கள்.

காந்தியடிகளின் வழியில் அரிசன சேவையிலும் அவர் ஈடுபட்டார். விலக்கப்படுதல் என்றால் என்ன என்று ஓரளவேனும் தம் வாழ்வில் அறிந்தவர் அவர். ஆனால் அவர் பட்டது சில ஆண்டுத் துயரம்; தலைமுறை தலைமுறையாகக் கோபுரத்தை மட்டும் தொழுது திரும்பியவர்களின் துயரத்தோடு அதை ஒப்பிட இயலாது.

1937 இல் இராஜாஜி அமைச்சரவை அமைத்தபோது, பொதுச் சுகாதாரத்தோடு அறநிலையப் பொறுப்பும் ராஜனிடம் வந்தது. உடலைப் பேணும் துறையும் ஆலயங்களைப் பேணும் துறையும் அரங்கன் ஊரில் பிறந்த ஒரு மருத்துவரிடமே சேர்ந்தன. அவர் அப்பொறுப்பில் இருந்தபோதுதான், 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அரிசன அன்பர்களை அழைத்துச் சென்றார். ஊரெங்கும் எதிர்ப்பு மூண்டது. நுழைந்தவர்களும் அவர்களை அனுமதித்தவர்களும் வழக்குகளில் சிக்காதபடி காக்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. பின்னர் ராஜன் மீண்டும் உணவு, சுகாதார அமைச்சராக விளங்கினார். 1947 இல் மாகாணத்துக் கோயில்களின் கதவுகள் இந்துக்கள் அனைவருக்கும் சட்டப்படி திறந்தன.

இவற்றையெல்லாம் கண்டு வருந்திய ஆசாரசீலர்களும் பக்தி குறைந்தவர்கள் அல்லர். தாம் காத்து வந்த ஒன்று கைநழுவுகிறதே என்னும் அச்சமே அவர்களை வாட்டியது. ஆனால் பெருமாளின் அழகில் எதுவும் குறையவில்லை. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும்போது எழும் ‘ரங்கா, ரங்கா’ என்னும் முழக்கம், இன்று முன்னினும் பெரிதாகவே ஒலிக்கிறது.

முதுமையில் ராஜன் தம் அனுபவங்களை ‘நினைவு அலைகள்’ என்னும் நூலாக எழுதி வைத்தார். 1953 இல் அவர் காலம் நிறைவுற்றது.

இன்று திருவரங்கத்து வீதிகளில் மகனோ மகளோ கடல் கடந்து வாழாத இல்லத்தைக் காண்பது அரிது. விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தைகளின் கைபிடித்துப் பெரியோர் ஆரியபடாள் வாசலைக் கடக்கின்றனர். அந்தக் குழந்தை எந்தக் கடலைத் தாண்டி வந்தது என்று எவரும் கேட்பதில்லை. தீர்த்தமும் சடாரியும் தடையின்றிக் கிடைக்கின்றன. அந்தத் தடையின்மை தானாக வந்ததன்று. அதற்கான விலையை முன்னே கொடுத்தவர் சிலர் உண்டு. பந்தியில் இலை மறுக்கப்பட்டபோதும் பகை கொள்ளாமல், தாம் பிறந்த ஊருக்கே மருந்தளித்து நின்ற ஒருவரை அக்குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பதும் ஒரு கைங்கர்யமே.