பல்லு புடுங்கப் போய் கண்ணு வீங்கின கதை

பல்லுக்கும் கண்ணுக்கும் என்னய்யா சம்பந்தம்னு யாராவது கேட்டிருந்தா, முன்னாடி நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன் மக்களே.

எங்க சித்தப்பாவுக்கு ஊர் கொல்லிமலை, செம்மேடு பக்கம். பொங்கல் லீவுக்குப் போயிருந்தேன், மிளகு பறிக்கிற நேரம். சொத்தையான மேல் கடைவாய்ப்பல்லை நாமக்கல்ல புடுங்கிட்டு வந்தார். மூணாம் நாள் கன்னம் உப்பிடுச்சு. "பல்லு புடுங்குனா வீங்கத்தான் செய்யும்"னு பாட்டி சொன்னாங்க. நானும் அதையேதான் சொன்னேன் (பெரிய டாக்டர் மாதிரி!). மறுநாள் காலைல காய்ச்சல், இடது கண்ணைத் திறக்க முடியலை. விரலால இமையைத் தூக்கிட்டு, "ஏன்டா, ரெண்டு பேரா நிக்கற?"ன்னார். அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. அத்தனை வளைவுக்கும் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டே வந்தார், ஒரு வார்த்தை பேசலை. சேலத்துல ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் விளக்கினார். மேல் கடைவாய்ப்பல் வேருக்குப் பக்கத்துலயே மேல்தாடை எலும்புக்குள்ள ஒரு காற்றறை இருக்கு, சைனஸ். அதோட கூரைதான் கண் குழிக்குத் தரை. ரொம்ப மெல்லிசான எலும்பு. பல்லுல இருந்த கிருமி சைனஸ் வழியா மேல ஏறி கண்ணுக்குப் பின்னாடி சீழ் கட்டிடுச்சு. சீழ் பார்வை நரம்பை அழுத்தினா பார்வை போயிடும், இன்னும் உள்ள போனா மூளை. கன்னம் வீங்கறது வேற. கண் பிதுங்கறது, அசைச்சா வலிக்கறது, ரெண்டா தெரியறது எல்லாம் வேற. அது வந்தா ஒரு ராத்திரி கூட காத்திருக்கக் கூடாதாம்.

இது அபூர்வம்தான். ஆனா வாணியம்பாடி சேதி படிச்சிருப்பீங்க. 2022-23ல அங்க ஒரு பல் கிளினிக்ல சிகிச்சை எடுத்த 10 பேருக்கு மெலியாய்டோசிஸ் கிருமி மூளைக்குப் போய், 8 பேர் இறந்துட்டாங்க. திறந்து வெச்ச சலைன் பாட்டில்ல இருந்து பரவினதா ஆய்வு சொல்லுது. அந்தக் கிருமி வேற, போன வழியும் வேற. ஆனா ரெண்டுமே பல் நாற்காலியில ஆரம்பிச்சதுதான்.

சித்தப்பாவுக்கு சீழை எடுத்து, பத்து நாள் ஊசி மருந்து ஏத்தினாங்க. பார்வை முழுசா திரும்பிடுச்சு. அந்தப் பல் இருந்த இடம் இன்னும் காலிதான். கட்டுப்பல் வெச்சுக்கலாமே சித்தப்பான்னேன்.

"நீ வேணா போய் வெச்சுக்கடா."