யானை வாங்கப் போனவர்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்வார்கள். சொகுசுக் காருக்கு இந்தப் பழமொழி செல்லாது. ஷோரூமை விட்டு வெளியே வரும்போது 80 லட்சம். பன்னிரண்டு வருடம் கழித்து அதே கார், அதே தோல் சீட், அதே மரப்பலகை வேலைப்பாடு, 8 லட்சம். ஒரு புது சின்னக் கார் வாங்குகிற காசு. கேட்கிறவனுக்கு நாக்கில் எச்சில் ஊறுமா ஊறாதா?

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் இப்படி எச்சில் ஊறியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் பெயர் எதுவும் வேண்டாம். அண்ணன் என்று வைத்துக்கொண்டால் போதும். அயர்ன் டேபிளில் கைப்பையனாகச் சேர்ந்தவர். இன்றைக்கு சொந்தமாக அயர்னிங், பேக்கிங் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். கடன் இல்லை. கையில் 9 லட்சம் சேர்ந்திருந்தது. இந்தப் பணத்தில் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் யோசிக்கவே இல்லை. அவருக்கு அது முப்பது வருடத்துக்கு முன்பே முடிவான விஷயம்.

1995-ல் மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் கார் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் இங்கே கம்பெனி தொடங்கியிருந்தார்கள். புனேயில் டெல்கோ வளாகத்தில் இருந்து முதலில் வந்தது E220. W124 என்று கார்ப் பைத்தியங்கள் சொல்லும் மாடல். அம்பாசிடரும் பியட்டும் மாருதியும் ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் அது வந்தால் கப்பல் வருகிற மாதிரி இருக்கும். திருப்பூரில் ஏற்றுமதி சூடு பிடித்திருந்த சமயம். அண்ணன் வேலை பார்த்த கம்பெனி வாசலில் ஒருநாள் அந்தக் கார் வந்து நின்றது. அவருக்கு அப்போது பதினெட்டு வயது. டீ வாங்கப் போன தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். தொட்டால் வாட்ச்மேன் திட்டுவார் என்ற பயம். டீ ஆறிப் போய் அதற்கும் திட்டு வாங்கியது வேறு கதை.

அந்தப் பையனுக்குத்தான் இப்போது செல்போனில் ஒரு போட்டோ வந்திருக்கிறது. பெரிய ஜெர்மன் செடான், டீசல், கறுப்பு கலர், 12 வருடம் ஓடியது, கோயம்புத்தூர் யார்டில் நிற்கிறது. விலை எட்டரை லட்சம். நம்பர் பிளேட் மட்டும் டெல்லி.

டெல்லி வண்டி இங்கே ஏன் வருகிறது என்று கேட்கலாம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவுதான் காரணம். தலைநகர் வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-ல் இந்த விவகாரம் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தது தனிக்கதை. எப்படியோ, அங்கே ஓட்ட முடியாத கார் இன்னொரு மாநிலத்தில் ஓடலாம். எனவே என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி தெற்கே வந்துவிடுகிறது. விற்கிறவருக்கு அவசரம். விலை இறங்குகிறது.

விலை இறங்குவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. காமர்ஸ் படிக்கிற யாரும் ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இந்த மாதிரிக் கார்களை முதலில் வாங்குவது பெரும்பாலும் கம்பெனிகளும் தொழில் செய்கிறவர்களும். வருமானவரிக் கணக்கில் தொழிலுக்குப் பயன்படும் காருக்குப் பொதுவாக வருடம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்துவரும் மதிப்பு முறையில். 80 லட்சத்தை 12 வருடம் இப்படித் தேய்த்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 11 லட்சத்து 38 ஆயிரம். யார்டு விலை அதற்கும் கீழே. ஆக, முதல் ஓனர் காரின் பெரும்பகுதியை வரிக்கணக்கில் கழித்துவிட்டார். மிச்சமிருந்த மரியாதையையும் அனுபவித்துவிட்டு விற்றுவிட்டார். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது.

அண்ணனுக்கு இங்கேதான் ஆரம்பம்.

அண்ணி யூனிட்டின் கணக்குகளைப் பார்ப்பவர். பத்தாவதுதான் படித்தவர். ஆனால் பீஸ் ரேட்டில் ஐந்து பைசா தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார். போட்டோவைப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, இந்த வருசம் அது எட்டரை லட்சம் கேக்குது. வர்ற வருசம் எவ்வளவு கேக்கும்னு கேட்டீங்களா?"

அண்ணன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. கோபம்தான் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனார்.

மெக்கானிக் சின்னப் பையன், முப்பது வயசுக்குள். யார்டுக்காரர் சாவியைக் கொடுத்ததும் ஓட்டிப் பார்க்காமல், ஸ்டார்ட் செய்யாமல், இன்ச் டேப்பை எடுத்தார். நாலு சக்கரத்திலும், சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகுதான் ஓட்டினார். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பாலக்காடு ரோட்டுப் பள்ளங்கள் இருந்ததே தெரியவில்லை. அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார் என்றும் சொல்லலாம் :-)

திரும்பி வந்ததும் மெக்கானிக் சொன்னார்: "அண்ணா, என்ஜின் அருமைங்ணா. ஆனா இன்னிக்கி முடிவு பண்ண வேண்டாங்ணா. ராத்திரி இங்கயே நிக்கட்டும். காலைல யாரும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி வந்து பாத்துக்கலாம்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனார்கள். டேப் தேவைப்படவே இல்லை. முன்பக்க இடது மூலை, ஒரு காலை மடக்கி உட்கார்ந்த மாடு போல, நாலு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது.

விஷயம் இதுதான். சாதாரணக் காரில் சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். பல சொகுசு செடான்களில் அதற்குப் பதிலாக ரப்பரால் ஆன காற்றுப் பை. பள்ளம் தெரியாமல் போவது அதனால்தான். ரப்பருக்கு வயசாகும். வெயிலிலும் சூட்டிலும் நுண்ணிய வெடிப்பு விடும். காற்று மெதுவாகக் கசியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு சின்ன கம்ப்ரசர் காற்றை நிரப்பித் தூக்கிவிடும். பகலில் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் எப்போதாவது வேலை செய்யவேண்டிய கம்ப்ரசர் ஓயாமல் வேலை செய்து ஒருநாள் அதுவும் எரிந்துபோகும். சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாம்தான். ஆனால் எந்தச் சுகத்துக்காகக் காரை வாங்கினாரோ அந்தச் சுகம் போய்விடும்.

முன்பக்கம் இரண்டு, ஒரு கம்ப்ரசர், கியர்பாக்ஸ் ஆயில் சர்வீஸ், நாலு டயர், பேட்டரி. மெக்கானிக் அதே சிகரெட் அட்டையின் பின்பக்கம் போட்ட மதிப்பு 3 லட்சத்தைத் தாண்டியது. இது வாங்கின முதல் மாதச் செலவு.

"வண்டிக்கு வயசாச்சுங்ணா, வெல கொறஞ்சுபோச்சு. பார்ட்ஸுக்கு வயசாகலீங்ளே. அது இன்னிக்கும் எம்பது லட்சத்து வண்டியோட பார்ட்ஸுதாங்ணா."

புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கிற தேய்மானத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. தேய்மானம் காருக்கு உண்டு, உதிரிபாகப் பட்டியலுக்குக் கிடையாது. 8 லட்சத்துக்கு வாங்கியவர், 80 லட்சத்துக்கு வாங்கியவர் கட்டிய அதே பில்லைக் கட்டவேண்டும். முதலாமவருக்கு வாரண்டி இருந்தது, கம்பெனி கணக்கு இருந்தது. இரண்டாமவருக்கு யூனிட்டின் சம்பளப் பணம்தான் இருக்கிறது.

இன்சூரன்ஸ் கைகொடுக்காதா? ஐந்து வருடம் தாண்டிய காருக்கு மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, கம்பெனியும் ஓனரும் பேசித்தான் முடிவு செய்வார்கள். அது வாங்கிய விலையை ஒட்டித்தான் இருக்கும். எங்காவது மோதிக் கிளெய்ம் போட்டால், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். பத்து வருடம் தாண்டிய வண்டியில் இரும்பு பாகங்களுக்கும் அதே 50 சதவீதம். கழிக்காமல் கொடுக்கும் ஜீரோ டெப் பாலிசி இந்த வயதுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. பம்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்து 2 லட்சம் என்றால் 1 லட்சம் சொந்தக் கைக்காசு.

பேப்பர் செலவும் உண்டு. டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கு 35. வேறு மாநில வண்டி இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் இங்கத்திய நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு இங்கே தனியாக வரி கட்டவேண்டும். பதினைந்து வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாய் ஆனது. இந்தக் காருக்கு அதற்கு இன்னும் மூன்றே வருடம்தான்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை முட்டாள் என்று சொல்வது சுலபம். பந்தாவுக்கு அலைகிறார் என்று சொல்வது அதைவிட சுலபம். ஆனால் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்த ஒரு பையனுக்கு, அதன் கதவைத் தன் கையால் திறக்கவேண்டும் என்று தோன்றுவதில் தப்பு என்ன இருக்கிறது? கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு தலைப்பு இல்லை, அவ்வளவுதான். இல்லாததாலேயே அது பெரும்பாலும் கடன் என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அண்ணி அந்தத் தலைப்பைப் போட்டார். 9 லட்சத்தை மூன்றாகப் பிரித்தார். இரண்டு பங்கில் வண்டி, மற்ற எல்லா ஆரம்பச் செலவும் சேர்த்து. ஒரு பங்கு, அதாவது 3 லட்சம், வங்கியில் டெபாசிட். அதை வண்டிக்கு மட்டும்தான் எடுக்கவேண்டும். இதற்குள் அடங்கினால் எந்தக் காராக இருந்தாலும் சரி என்றார்.

நாலு மாதம் தேடினார்கள். கிடைத்தது ஒன்பது வருடப் பெட்ரோல் கார். அதுவும் ஜெர்மன்தான், ஆனால் ஒரு சைஸ் சின்னது. காற்றுப் பை கிடையாது, இரும்பு ஸ்பிரிங். தமிழ்நாடு நம்பர், ஒரே ஓனர், ஒரு டாக்டர். ஒன்பது வருட சர்வீஸ் பில்லையும் பைலில் வரிசையாக வைத்திருந்தார். அந்த பைலைப் பார்த்ததும் மெக்கானிக் பாதிச் சோதனையை முடித்துவிட்டார். விலை 5 லட்சத்து 80 ஆயிரம்.

முதல் வருடம் அது கேட்டது 1 லட்சத்து 12 ஆயிரம். டயர், பேட்டரி, என்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் ஆயில். அண்ணிக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நோட்டில் "வண்டி" என்ற பக்கத்தில் எழுதினார். "கடன்" என்ற பக்கம் காலியாகவே இருந்தது.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு வேலை செய்தார். தனக்கு அயர்ன் பெட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டு, பின்சீட்டுக் கதவைத் தன் கையால் திறந்து உட்காரவைத்து, அவிநாசி கோயிலுக்குக் கூட்டிப் போனார். ஏதாவது சொல்லுவார் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பாதி வழியில் மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"தம்பி, இந்த ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணு. காலெல்லாம் சில்லுன்னு இருக்குது."

முப்பது வருடம் அயர்ன் டேபிள் சூட்டில் நின்ற கால் அது. அண்ணன் சிரித்துக்கொண்டே கம்மி பண்ணினார்.

பி.கு.: பழைய சொகுசுக் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு மூன்று சின்ன விஷயம். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்க்கவும். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015, 2023 சென்னை வெள்ளங்களுக்குப் பிறகு இதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. இரண்டு சாவியும் இருக்கிறதா என்று கேட்கவும். கடைசியாக, இன்ச் டேப்பை மறக்காமல் எடுத்துப் போகவும்.